பரிசில்லாத சவாரி

மாசி பிறந்ததும் ஓசூர்ப் பக்கத்துச் சாலைகள் சைக்கிள்காரர்களுக்கு இணக்கமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிப் பனி விலகி, சித்திரை வெயில் இன்னும் தலைக்கு ஏறாத இடைவெளி அது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் விடியற்காலையில் பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் இன்னும் மரத்துப்போகும். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கும். பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கிளம்பும் சைக்கிள் குழுக்கள் நீண்ட தூரச் சவாரிக்குத் தயாராகும் காலம் இது. ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியுமுன் தேசிய நெடுஞ்சாலை 44-இல் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தெற்கே போகும். இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்கள் நின்று பார்ப்பார்கள்.

இந்தச் சவாரிகளில் ஒரு வகைக்கு ப்ரெவே என்று பெயர். பிரான்சில் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் 1921 முதல் நடத்திவரும் முறை. இந்தியாவில் பெங்களூரு ராண்டனியர்ஸ், மெட்ராஸ் ராண்டனியர்ஸ் போன்ற குழுக்கள் இதே விதிகளின்படி நடத்துகின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. பின்தொடர்ந்து வந்து உதவும் வண்டி கூடாது. பஞ்சரானால் சாலையோரம் உட்கார்ந்து, டயரின் உட்புறத்தில் விரலை மெல்ல ஓட்டி, குத்திய முள்ளைத் தேடி எடுத்து, டியூபை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வழியில் ‘கண்ட்ரோல்’ என்ற நிறுத்தங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஆள் வைக்க முடியாத இடங்களில் ஏடிஎம் சீட்டோ டீக்கடை பில்லோ சாட்சி.

இத்தனை கண்டிப்பும் எதற்காக என்று பார்த்தால், கடைசியில் பரிசு கிடையாது. முதலில் வந்தவர், இரண்டாவது வந்தவர் என்ற தரவரிசை கிடையாது. பதக்கம் வேண்டுமானால் முடித்தவர் தன் காசில் வாங்கிக்கொள்ளலாம். வேகத்தைக் காட்ட நினைப்பவருக்கும் ஒரு வேலி உண்டு: 200 கிலோமீட்டரை 5 மணி 53 நிமிடத்துக்கு முன்னால் முடித்துவிட்டால் அது கணக்கில் வராது. பெரும்பாலான ப்ரெவேக்கள் புறப்பட்ட இடத்திலேயே வந்து முடியும். நாள் முழுக்க மிதித்தவர் காலையில் நின்ற அதே டீக்கடை வாசலில் மாலையில் வந்து இறங்குவார்.

பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி நியாயமானது. இதனால் என்ன பலன்?

இந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் வயது அதிகம். ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தொரப்பள்ளியில், 1878 டிசம்பர் 10 அன்று, அவ்வூர் முன்சீப் வீட்டில் பிறந்தவர் ராஜாஜி. பிறந்த வீடு இன்று அரசு நினைவில்லம். ஓசூரில் பள்ளி, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி, சென்னையில் சட்டப்படிப்பு என்று இதே சாலையில் மேலும் கீழும் போய்வந்த வாழ்க்கை அவருடையது. அரசியலில் எவ்வளவு அலைந்தாரோ அவ்வளவு நேரம் கீதையோடும் உபநிடதங்களோடும் குறளோடும் இருந்தார். கீதையைத் தமிழ் வாசகருக்கு எளிமையாகச் சொல்ல ‘கண்ணன் காட்டிய வழி’ எழுதினார். குறளின் பகுதிகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அன்றாட வேலை செய்து பிழைக்கும் மனிதனுக்கான நூலாகவே கீதையை அவர் வாசித்தார். காட்டுக்குப் போனவனுக்கு அது தேவையில்லை. அலுவலகம் போகிறவனுக்கும் வயலுக்குப் போகிறவனுக்கும்தான் தேவை என்ற பார்வை அவருடையது.

செயலில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்ற கீதையின் போதனையைக் கேட்காத தமிழ்க் காது இருக்காது. ஆனால் அப்படி ஒரு செயல் நடைமுறையில் சாத்தியமா? இந்திய மரபுக்கு உள்ளேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. பயனை உத்தேசிக்காமல் முட்டாள்கூட ஒரு காரியத்தில் இறங்கமாட்டான் என்பது மீமாம்சகர்களின் கட்சி. ஆசை இல்லாதவனுக்குச் செயலே இல்லை என்று மனு நூலும் சொல்கிறது. வள்ளுவரும் பலனைக் கைவிடச் சொல்லவில்லை. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அவர் கொடுக்கும் உறுதிமொழி வேறு: தெய்வத்தால் ஆகாமல் போனாலும், உடலை வருத்தி உழைத்த அளவுக்குக் கூலி உண்டு. கீதை ‘உரிமை இல்லை’ என்கிற இடத்தில் குறள் ‘கூலி உண்டு’ என்கிறது. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் நின்று யோசிப்பவருக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

அதற்கு வருமுன் ஒரு சாலையைப் பார்க்கலாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். ஓசூர் மேட்டில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சில நூறு மீட்டர் கீழே. சூளகிரியைத் தாண்டி மேலுமலைக் கணவாயில் இறங்கும்போது மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாகப் பறக்கும். மீட்டரில் 40, 45, 50 என்று எண் ஏறும். புதிதாக வந்தவருக்கு அந்த எண் தன் கால்களின் எண்ணாகத் தெரியும். உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, பயிற்சி பலித்துவிட்டது என்று மனம் கணக்குப் போடும். பகல் பதினோரு மணிக்கு அதே கணவாயைத் திரும்பி ஏறும்போது எண் 9-க்கு இறங்கும். கண்டெய்னர் லாரிகள் முக்கிக்கொண்டு பக்கத்தில் ஏறும். எதிர்க்காற்று, தார்ச்சாலை மேலே அடிக்கும் அனல், கண்ணில் இறங்கும் வியர்வை. அப்போது அந்த 9-உம் தன்னுடையதாகத் தெரியும், வெட்கமாக. காலையில் பெருமைப்பட்டதும் இப்போது வெட்கப்படுவதும் ஒரே சரிவின் வேலை என்பதைக் கால்கள் மனத்துக்கு முன்னால் புரிந்துகொள்கின்றன.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இருக்கும் இடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வளவு பேர் சேர்ந்து செய்ததை ‘நானே செய்தேன்’ என்று ஒருவன் எண்ணினால் அவன் சரியாகப் பார்க்கவில்லை என்று அடுத்து வருகிறது. பலனில் உரிமை இல்லை என்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு போட்டவர் முழு லாபத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது. முழு நஷ்டத்தையும் தலையில் தூக்கிக்கொள்ளவும் தேவையில்லை. இங்கே கீதை ஆசையை வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை, கணக்கைத் திருத்தச் சொல்கிறது. மேலுமலையில் ஏறுகிறவருக்கு ஓசூர் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவர் மிதிக்கவே மாட்டார், மீமாம்சகர் சொல்வது அந்த அளவில் சரிதான். ஆனால் போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அதை வைத்துத் தன்னை எடைபோடாமல் இருக்க அவரால் முடியும். இரண்டுக்கும் இடையில் ஒருவர் பழகிக்கொள்ளக்கூடிய இடம் இருக்கிறது.

நேரக் கட்டுப்பாடு அந்தப் பழக்கத்துக்குத் துணை செய்கிறது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் வந்தால் போதும் என்னும்போது பக்கத்தில் போகிறவரை முந்த வேண்டிய அவசியம் போய்விடுகிறது. தள்ளாடுகிறவருக்கு ஒரு வாழைப்பழமும் பத்து நிமிடமும் கொடுத்தால் எதுவும் குறைவதில்லை. மிகையாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாதவனுக்கும் இல்லை என்று கீதை ஆறாம் அத்தியாயத்தில் சொல்லும் அளவை, இந்த விதிப்புத்தகம் கடிகாரத்தை வைத்துச் சொல்கிறது. மிக முந்தி வந்தாலும் செல்லாது, மிகப் பிந்தி வந்தாலும் செல்லாது. டைட்டன் கைக்கடிகாரம் செய்யும் ஊரில், நேரத்துக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதும் இங்கே புதிதல்ல. ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் மலைக்கோயில் தேர் இதே பருவத்தில்தான் ஓடும். வடம் பிடித்த கைகள் சிவக்க, முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தோடு ஓட, வீதி சுற்றித் தேர் நிலைக்கு வந்து சேரும். காலையில் நின்ற அதே நிலைக்கு. அது எங்கே போயிற்று, எதைக் கொண்டுவந்தது என்று யாரும் கேட்பதில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவரும் கிளம்பிய இடத்திலேயே நிற்பார். வலம் வருவதில் சேரும் இடம் என்று தனியாக ஒன்று கிடையாது. வழி முழுதுமே சேரும் இடம்.

அரிஸ்டாட்டில் இதையே வேறு வகையில் பிரித்தார். வீடு கட்டுவது முடியும்வரை அரைகுறை; கட்டி முடிந்ததும் கட்டும் செயல் ஓய்ந்துவிடும். பார்ப்பதும் சிந்திப்பதும் அப்படியல்ல. ஒவ்வொரு கணத்திலும் அவை முழுமையானவை, அவற்றின் நோக்கம் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. ப்ரெவேக்காரரின் சவாரி இரண்டாவது வகையைச் சேர விரும்புகிற ஒன்று.

இங்கேதான் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி குறுக்கே வருகிறார். அவரும் சைக்கிள்தான் மிதிக்கிறார். மாற்றுவதற்கு வேறு கியர் இல்லாத கறுப்புச் சைக்கிளில், கேரியரில் டிபன் பாக்ஸை வைத்துக்கட்டி, சிப்காட் கேட்டுக்கு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அவருக்குச் சவாரி வழி, கூலி இலக்கு. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்த பிறகு, டிவிஎஸ் 50 என்ற மொபெட் 1980-இல் இந்த ஓசூரிலிருந்து வெளிவந்த பிறகு, பெடல் மிதிப்பதிலிருந்து விடுபடுவதுதான் இந்த வட்டாரத்தில் முன்னேற்றம் என்று அறியப்பட்டது. அது சரியான முன்னேற்றமும்கூட. அந்த மனிதரிடம் போய் ‘பலனை எதிர்பார்க்காமல் வேலை செய்’ என்று சொன்னால் அது தத்துவமாக இருக்காது, சுரண்டலாக இருக்கும். சம்பள நாளில் சம்பளம் கேட்பதும், ஓவர்டைம் கணக்கைச் சரிபார்ப்பதும், ஒப்பந்தத் தொழிலாளி நிரந்தரம் கேட்பதும் அவருடைய உரிமை. வள்ளுவர் கூலி என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்தது இந்த மனிதருக்காகவே என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, பலனைத் துறக்கும் போதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒருவர் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். தனக்குக் கீழே இருப்பவருக்குச் சொல்லக் கூடாது. இந்த எல்லை மறக்கப்பட்டதால்தான், அவரவர் கடமையை அவரவர் செய்யட்டும் என்ற பேச்சு இந்த நாட்டில் சாதிக்கு வேலியாகவும் பயன்பட்டது. தொரப்பள்ளியின் மகனே அதற்கு விலை கொடுத்தார். பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று 1953-இல் அவர் கொண்டுவந்த திட்டத்தைத் தமிழ்நாடு குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954-இல் அவர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். பலனில் பற்று வைக்காதே என்பதை ஒரு மனிதர் தன் வாழ்க்கைக்கு விதியாக்கிக்கொள்வதற்கும், ஊரார் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு விதியாக்குவதற்கும் உள்ள தூரம் அந்த ஒரே ஆண்டில் தெரிந்தது.

அதே மனிதர் தனக்கு அந்த விதியை வைத்துக்கொண்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயது 51. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தோர்ன் அறிவித்திருந்தார். ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, 30-இல் உப்பு எடுத்துக் கைதானார்கள். கையில் வந்தது ஒரு பிடி உப்பு. உப்பு வரி ஒழிந்தது 1947-இல். நடந்தவர்களுக்கு நடக்கும்போது அந்த ஆண்டு தெரியாது. தெரியாமலே, எந்த நாளில் எந்த ஊரில் தங்குவது என்று திட்டம் போட்டுக் கட்டுக்கோப்பாக நடந்தார்கள். பலனை விட்டவர் வேலையில் அசட்டையாகிவிடுவார் என்ற சந்தேகத்துக்கு அந்தப் பதினாறு நாட்கள் பதில்.

சைக்கிளும் சமயமும் நேராகவே சந்தித்துக்கொண்ட இடங்கள் உலகில் உண்டு. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே மலையுச்சியில் ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. கிசால்லோ மாதாவை 1949-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் சைக்கிள்காரர்களின் காவல் அன்னையாக அறிவித்தார். கோயிலுக்குள் சுவரில் வீரர்களின் சைக்கிள்கள் தொங்குகின்றன. நியூயார்க்கில் செயின்ட் ஜான் தேவாலயத்தில் 1999 முதல் வசந்த காலத்தில், சவாரிப் பருவம் தொடங்கும்போது, சைக்கிள்களை உள்ளே கொண்டுவந்து ஆசி பெறுகிறார்கள். சாலையில் உயிர்விட்டவர்களையும் நினைவுகூர்கிறார்கள். ஓசூர்க்காரருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆயுத பூஜையன்று லேத் மெஷினுக்கும் லாரிக்கும் ஆகும் மரியாதை சைக்கிளுக்கும் ஆகிறது: ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

காப்பாற்று என்று கேட்பதும் பலனைக் கேட்பதுதானே என்று ஒருவர் மடக்கலாம். கேட்பதுதான். ஆனால் வேண்டுகிறவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: ஹெல்மெட் போட்டாயிற்று, விளக்கு மாட்டியாயிற்று, பிரேக் கட்டையைப் பார்த்தாயிற்று, இதற்கு மேல் வரும் லாரியின் ஸ்டியரிங் என் கையில் இல்லை. ஐந்தாவது காரணத்துக்கு அவர் இடம் விடுகிறார். ஹெல்மெட்டுக்குப் பதிலாக எலுமிச்சம்பழத்தை நம்புகிறவர் மட்டுமே மற்ற நான்கையும் மறந்தவர்.

கிசால்லோ கோயிலில் சைக்கிள் தொங்கும் வீரர்களில் ஒருவர் ஜினோ பர்தாலி. 1938-இலும் 1948-இலும் டூர் டி பிரான்ஸை வென்றவர், தீவிரக் கத்தோலிக்கர். இரண்டு வெற்றிகளுக்கும் நடுவே உலகப்போர். 1943, 1944-இல் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்திருந்தபோது, பயிற்சிக்குப் போகிறவர் போல ஃபிளாரன்ஸிலிருந்து அசிசிவரை மிதித்தார். சைக்கிளின் குழாய்களுக்குள் யூதர்களுக்கான போலி அடையாளச் சீட்டுகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. வழியில் நிறுத்தி விசாரித்த சிப்பாய்களுக்குச் சாம்பியனைத் தெரியும். அந்தப் புகழே அவருக்குக் கவசம். போர் முடிந்த பிறகு அவர் இதை வெளியில் பேசவில்லை. மகனிடமும் யாருக்கும் சொல்லாதே என்றார். 2000-இல் இறந்தார். 2013-இல் இஸ்ரேலின் யாத் வாஷேம் அவரை ‘நாடுகளின் நீதிமான்’ பட்டியலில் சேர்த்தது. பந்தயங்களில் அவர் வாங்கிய பரிசுகளுக்கு எண்ணிக்கை உண்டு. அசிசிச் சாலையில் மிதித்ததற்கு முத்திரை அட்டைகூட இல்லை. பந்தயத்தில் கிடைத்த புகழைப் பற்றிக்கொள்ளாமல், அதை இன்னொருவர் உயிருக்காகச் செலவழித்தார்.

சவாரி மனிதர்களை எதற்குத் தயார் செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலும் பெரிய சாட்சி இருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதை எழுத்தறிவுத் திட்டத்தோடு சேர்த்தார். குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்தார். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போக என்று அந்தச் சைக்கிளால் ஆன வேலைகள் ஏராளம். ஆனால் அதைப் பற்றிப் பேசிய பெண்கள் முதலில் சொன்னது, யாரையும் எதிர்பார்க்காமல் தானே போக முடிகிறது என்பதை. அரிஸ்டாட்டில் பிரித்துவைத்த இரண்டும் அவர்களுடைய பெடலில் ஒன்றாயின: சவாரி வழியாகவும் இருந்தது, இலக்காகவும் இருந்தது. கூலி கேட்கும் உரிமையும் கூலியைத் தாண்டிய சந்தோஷமும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். ஒன்றைப் பெற மற்றதை விட வேண்டும் என்றில்லை.

ஆகவே ஓசூர்ச் சாலையில் இந்த மாசியில் கிளம்பும் குழுக்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. விலை உயர்ந்த சைக்கிளில் வருகிறவருக்குப் பின்னால் ஒளிரும் விளக்கு இருக்கிறது. கறுப்புச் சைக்கிள்காரருக்குப் பெரும்பாலும் மட்கார்டில் ஒட்டிய சிவப்புத் துண்டு மட்டும். இருவருக்கும் பக்கத்தில் போவது ஒரே லாரி. சர்வீஸ் ரோட்டில் சைக்கிளுக்கு இடம் வேண்டும், கேட் வாசல்களில் வெளிச்சம் வேண்டும் என்று கேட்கும்போது, கேட்க நேரமும் செல்வாக்கும் உள்ளவர்கள் அது இல்லாதவர்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். தன் பலனை விடப் பழகியவர் அடுத்தவரின் பலனுக்காக வாதாடலாம். பழகியது மனத்தில் ஊன்றியிருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

இந்தப் பழக்கத்துக்குக் கடினமான தேர்வு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சவாரி. 1891-இல் பந்தயமாகத் தொடங்கி, இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தரவரிசை இல்லாமல் நடக்கும் 1,200 கிலோமீட்டர். மிஞ்சிப்போனால் 90 மணி நேரம். 2019-இல் இந்தியாவிலிருந்து சுமார் முந்நூறு பேர் போனார்கள். எதிர்க்காற்றும் இரவுக் குளிரும் தாக்க, பெரும்பாலோர் குறித்த நேரத்துக்குள் முடிக்கவில்லை. மாதக்கணக்கில் விடுப்பும் சேமிப்பும் கரைத்துப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வள்ளுவர் சொன்ன கூலி அவர்களுடைய கால்களில் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. 2023-இல் இந்தியர்கள் மறுபடி போனார்கள். அடுத்தது 2027-இல். அதற்குத் தகுதி பெற விரும்புகிறவர் 200, 300, 400, 600 நான்கையும் அந்தப் பருவத்துக்குள் புதிதாக முடித்தாக வேண்டும். பழைய பதக்கங்கள் எத்தனை இருந்தாலும் அதற்கு ஈடாகாது.